அரசு நிறுவனம் போட்டியில் இறங்கும்போது

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஓய்வுபெற்ற பிறகும் பொருளியல் உங்களை விடவில்லை என்பதில் மகிழ்ச்சி. அரசு நிறுவனம் விலையில் மோதினால்தான் தனியாரின் இலாபம் கரையும் என்று எழுதியிருந்தீர்கள். இரு தரப்பும் தனியாராக இருந்தால் அது சரிதான்: 1838இல் பொருளியலாளர் கூர்னோ விவரித்த அளவுப் போட்டியைவிட (எவ்வளவு விற்பது என்று ஒவ்வொருவரும் முடிவு செய்வது), 1883இல் பெர்ட்ராண் முன்வைத்த விலைப் போட்டிதான் இலாபத்தைக் கூடுதலாக அரிக்கும். ஆனால் ஒரு தரப்பு இலாபத்தை விட்டுவிட்டுப் பொது நலனை நோக்கமாகக் கொண்டால், கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே அடக்கவிலை. பண்டங்கள் ஒன்றுக்கொன்று மாற்று, ஆனால் முழுக்க ஒன்றல்ல. அளவில் போட்டியிட்டால் அரசு நிறுவனம் அடக்கவிலைக்கே 120 அலகுகளை விற்கிறது. தனியார் அடக்கத்துக்கு மேல் 30 வெள்ளி (ரிங்கிட்) வைத்து 30 அலகுகளோடு நின்றுவிடுகிறார். விலையில் போட்டியிட்டாலோ, அரசு நிறுவனம் அடக்கத்துக்கு மேல் 20 வெள்ளி வைத்து 84 அலகுகளோடு ஒதுங்க, தனியார் தன் பழைய விலையிலேயே, அதாவது அடக்கத்துக்கு மேல் 30 வெள்ளிக்கே, 54 அலகுகளை விற்கிறார். அவருடைய இலாபம் 900 வெள்ளியிலிருந்து 1,620 வெள்ளிக்கு ஏறுகிறது.

காரணம் இதுதான். தனியார் பண்டம் அடக்கத்தைவிடக் கூடுதல் விலைக்கு விற்பதால், வாங்கப்பட வேண்டிய அளவுக்கு அது வாங்கப்படுவதில்லை. அரசு நிறுவனம் தன் விலையைச் சற்று உயர்த்தும்போது வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் தனியார் பக்கம் போகிறார்கள், குறை ஓரளவு நேராகிறது. அளவைத் தீர்மானிக்கும்போது எதிராளியின் அளவு அசையாது என்று வைத்துக்கொண்டே கணக்கிடுவதால், இந்த வழி அரசு நிறுவனத்துக்குத் தெரிவதில்லை. இரு தரப்புமே விலையைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று பொருளியலாளர்கள் மாட்சுமுராவும் ஒகாவாவும் 2012இல் காட்டினார்கள். வாங்குபவர், விற்பவர் எல்லோருக்கும் சேர்ந்த மொத்த நலனும் கூடுகிறது. ஆனால் அதில் வாங்குபவர் பங்கு மட்டும் குறைகிறது, இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நீங்கள் கேட்ட கோலாலம்பூர்–பினாங்கு விமானக் கட்டணத்துக்கு இதை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. கட்டணம் நாள்தோறும் மாறினாலும், எத்தனை இருக்கைகள் என்பது பயண அட்டவணையிலேயே முடிவாகிவிடுகிறது. இப்படி முதலில் கொள்ளளவையும் பிறகு விலையையும் முடிவு செய்யும் தனியார் போட்டி, கூர்னோவின் அளவுப் போட்டி தரும் முடிவிலேயே போய் நிற்கும் என்று பொருளியலாளர்கள் கிரெப்ஸும் ஷெயின்க்மனும் 1983இல் நிறுவியிருக்கிறார்கள். தவிர, 2014 முதல் முழுமையாக அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவின் கையில் இருக்கும் மலேசிய ஏர்லைன்ஸ், நலனை மட்டும் பார்க்கும் நிறுவனம் என்று நீங்களே நம்பமாட்டீர்கள். ஒரு வெள்ளி கொடுத்து வெளிநோயாளியாகப் பார்த்துவரக்கூடிய அரசாங்க மருத்துவமனைதான் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. ஆனால் அங்கே விலை கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டதால், காத்திருக்கும் நேரம்தான் விலையாகிறது; தனியார் மருத்துவமனைகள் போட்டியிடுவதும் அதனோடுதான்.

காத்திருப்பை விலையாகக் கொண்டால் மேற்சொன்ன கணக்கு எப்படி மாறும் என்று நீங்கள் போட்டு அனுப்புங்கள். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்