ரத்தத் தொற்று: நேரம் கருவிக்கு வெளியேதான் வீணாகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தத்தில் கலந்த பாக்டீரியாவை ஒரே மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் கருவி வந்துவிட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது. பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. பல கிருமிகளின் ஜீன்களை ஒரே முறையில் தேடும் மல்டிபிளெக்ஸ் பி.சி.ஆர். கருவிகளில் பெரும்பாலானவற்றில், ரத்தத்தை ஊற்றிய கல்ச்சர் பாட்டிலில் (கிருமியை வளர்க்கும் சத்துநீர் உள்ள பாட்டில்) கிருமி வளர்ந்து, அதைச் சூடாக வைத்துக் கண்காணிக்கும் இன்குபேட்டர் 'பாசிட்டிவ்' காட்டிய பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்கும். தொற்று உள்ள பெரியவர்களின் ரத்தத்தில்கூட மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவாக, பல நேரம் ஒன்றுக்கும் குறைவாகத்தான் உயிருள்ள கிருமிகள் இருக்கும். சில துளிகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் அதில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம்.

அதனால்தான் எடுக்கும் ரத்தத்தின் அளவு இவ்வளவு முக்கியம். பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி., ஏரோபிக் (ஆக்சிஜன் உள்ளது), அனரோபிக் (ஆக்சிஜன் இல்லாதது) பாட்டில் இரண்டும் சேர்ந்தது ஒரு செட், வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு. ஒரே பாட்டிலில் மூன்று மி.லி. ஊற்றி அனுப்பிவிட்டு, 'வளர்ச்சி இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டை நம்புவதில் பொருளில்லை. குறித்த அளவுக்கு மேல் நிரப்பினாலும் கெடுதிதான்: வெள்ளணுக்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடையே கிருமி என்று கருவி எடுத்துக்கொள்ளும்.

ஊசி குத்தும் இடத்துத் தோலை 70% ஆல்கஹாலில் கலந்த 2% குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் 30 நொடி தேய்த்து, காய விட வேண்டும். காய்ந்த பிறகு ரத்தநாளத்தைத் தேடி மறுபடி விரல் வைக்கக் கூடாது. பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். மறந்தால் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போய், நான்கில் ஒரு பாட்டில் மட்டும் பாசிட்டிவ் ஆகி, தேவையில்லாமல் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறும். முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். ஆனால் தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்கில் மருந்து ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும், கல்ச்சருக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த நேரவிரயம் வார்டு மேசையில். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காமல், நான்கு மணி நேரத்துக்குள் இன்குபேட்டரில் ஏற்ற வேண்டும். கருவி ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கொரு முறை வளர்ச்சியின் வேகத்தைப் பார்க்கிறது. வெளியே கிடந்த பாட்டிலில் வளர்ச்சி உச்சத்துக்கு வந்து நின்றுவிட்டால் கருவிக்கு மாற்றமே தெரியாது. நெகட்டிவ் என்று விட்டுவிடும். இரவில் பாட்டில் ஏற்றப் பணிநேர ஊழியர் யாரையும் பழக்கலாம், அதற்கு நிபுணர் தேவையில்லை.

பாசிட்டிவ் ஆனதும், சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் கிருமியின் வகையைப் பார்க்கும் கிராம் ஸ்டெய்னுக்குப் பத்து நிமிடம் போதும். வான்கோமைசின் மட்டும் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு 'கிராம் நெகட்டிவ் பேசிலஸ்' (அந்த மருந்து கேட்காத கோல் வடிவக் கிருமி) என்று தொலைபேசியில் சொல்லும் மூன்று சொல் அன்றிரவே சிகிச்சையை மாற்றும். இரவு இரண்டு மணிக்கு ஒலித்த பாட்டிலைக் காலை ஒன்பதுக்குத் திறந்தால் ஏழு மணி நேரம் போச்சு. எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

எந்த மருந்து கேட்கும் என்று அறியப் பெரிய செலவில்லாத வழி, மருந்துச் சோதனைக்கு அளவுகோல் வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட்டின் விரைவு டிஸ்க் முறை. பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து 125 மைக்ரோலிட்டரை நீர்க்காமல் முல்லர்–ஹின்டன் பிளேட்டில் (கிருமி வளர்க்கும் தட்டு) பரப்பி, மருந்து தோய்ந்த டிஸ்க் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை 4, 6, 8 மணி நேரத்தில் அளக்கலாம். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். இதில் தவறு நடப்பது பெரும்பாலும் வாசிக்கும்போது: வழக்கமான 16–20 மணி நேர அட்டவணையை இங்கே போடக் கூடாது, ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு கிருமிக்கும் தனி அளவு உண்டு. ஆகவே கிருமியின் பெயர் முதலில் தெரிய வேண்டும். புரதங்களை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி இருந்தால் சில மணி நேரம் வளர்ந்த மெல்லிய படலமே போதும். அளவு ஐயத்துக்குரிய இடைவெளியில் விழுந்தால் ரிப்போர்ட் செய்யாமல் அடுத்த வாசிப்புக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு கிருமி கலந்திருக்கிறதா என்பதை பாட்டிலிலிருந்து வேறு தட்டில் வளர்க்கும் சப்கல்ச்சரில் மறுநாள் பார்த்தே ஆக வேண்டும்.

பி.சி.ஆர். பயனற்றது என்று சொல்லவில்லை. சி.டி.எக்ஸ்-எம், என்.டி.எம். போன்ற, மருந்தை எதிர்க்க உதவும் ஜீன்களை அது உடனே காட்டும். ஆனால் ஜீன் இல்லை என்றால் மருந்து கேட்கும் என்று பொருளல்ல. மருந்து உள்ளே போகும் துளைகளை ('போரின்') கிருமி இழப்பது, மருந்தை வெளியே தள்ளும் எஃப்ளக்ஸ் பம்ப் போன்ற வழிகளை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. விரைவுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2017 பகுப்பாய்வில், முடிவைக் கையில் வாங்கி மருந்தை மாற்றச் சொல்லும் குழு இருந்த இடங்களில்தான் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது.

எனவே மருத்துவமனைகள் ஒவ்வொரு கல்ச்சர் ரிப்போர்ட்டிலும் நான்கு நேரங்களை அச்சிடட்டும்: ரத்தம் எடுத்தது, இன்குபேட்டரில் ஏற்றியது, பாசிட்டிவ் ஆனது, மருத்துவரை அழைத்தது. புதுக் கருவிக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு மாத ரிப்போர்ட்டுகளில் அந்த நான்கையும் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்கள்