தம்பிக்கு, அந்த விடுதலைப் பத்திரத்தைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற வாரம் நீ கொடுத்துவிட்டுப் போன விடுதலைப் பத்திரத்தை மூன்று முறை படித்தேன். உடன்பிறந்தவன்மேல் உள்ள அன்பினால் அப்பாவின் நிலத்தில் என் பாகத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கும் வரியைத் தாண்டிக் கையொப்பமிட மனம் வரவில்லை. உன் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்கு உன் பக்கத்தில் நின்றவள் நான். அந்த அன்பு அப்படியேதான் இருக்கிறது. காங்கேயம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அக்கா தங்கைகளிடம் இதே பத்திரம் நீட்டப்படுவதால்தான் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அம்மாவைப் பெற்ற அப்பிச்சி இறந்தபோது தன் பாகத்தை விட்டுக்கொடுத்து அம்மா கைநாட்டு வைத்தது உனக்கு நினைவிருக்காது, நீ சிறுவன். மாமன் வீட்டில் ஒரு சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். தந்தை விட்டுச்செல்லும் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லியிருந்ததை அங்கே ஒருவரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அதன்பிறகு நம் வீட்டில் விடியுமுன் எழுந்து எருமைகளைக் கறந்ததும், கிளுவை வேலியில் விழுந்த கண்டிகளை, அந்த இடைவெளிகளை, அடைத்ததும், மழை பொய்த்த ஆண்டுகளில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துப் புல்லை நம்பி ஆடு மாடுகளைக் காப்பாற்றியதும் அம்மாதான். பட்டா அப்பா பெயரில் இருந்ததால் பால் சொசைட்டியிலும் பயிர்க்கடனிலும் விவசாயி அப்பாதான். மத்திய அரசு விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் உதவித்தொகையும் நிலம் யார் பெயரில் இருக்கிறதென்று பார்த்துத்தான் வருகிறது. பண்ணையம் பார்த்தவளுக்கு எந்தக் காகிதத்திலும் பெயரில்லை.

‘உனக்குச் சீர் செய்தாயிற்றே’ என்றாய். அந்த நகை என் வீட்டுக்காரரின் விசைத்தறிக் கடனுக்குப் போய்விட்டது, அதை என்னைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. உன் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆன செலவை உன் பாகத்தில் கழிக்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? ‘உனக்கு என்ன குறை, காடு கழனி எதற்கு’ என்று என்னிடம் கேட்கும் பெரியவர்கள் அதே கேள்வியை உன்னிடம் ஏன் கேட்கவில்லை? எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று நம் ஈரோட்டுப் பெரியார் முன்னின்று நடத்திய செங்கல்பட்டு மாநாடு 1929-இல் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு என்று சட்டம் வர 1989 ஆயிற்று. அதற்கு முன்பே மணமானவர்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விடுபட்டவர்களுக்கும் 2005-இல் மத்தியச் சட்டத்திருத்தம் வழி திறந்தது. அந்த உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. இத்தனைக்குப் பிறகும் கேட்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயத்திலேயே பாதிப் பேர் கையொப்பமிட்டுவிடுகிறார்கள். நானும் இரண்டு இரவுகள் அந்தப் பயத்தோடுதான் படுத்தேன்.

நீ நட்டு வளர்த்த தென்னந்தோப்பை நான் கேட்கவில்லை. கிணற்றையும் அது பாயும் வயலையும் நீயே வைத்துக்கொள். மேற்கே இருக்கும் கொறங்காடு எனக்கு வரட்டும், அம்மாவின் பாகம் அம்மாவின் பெயரிலேயே பட்டாவில் ஏறட்டும். நில அளவையருக்கு மனுக்கொடுக்கும் நாளைச் சொல், முதல் பேருந்தில் வந்துவிடுகிறேன். மதியச் சாப்பாடு உன் வீட்டில்தான்.

அன்புடன்,
அக்கா