துடும்புக்கு ஏழே நிமிடம்: நான்கு டிக்கெட் வாங்கியவனின் புகார்

அனுப்புநர்: லேத் பட்டறைக்காரர், கணபதி, கோயம்புத்தூர் (பெயரும் கைபேசி எண்ணும் இணைத்துள்ள டிக்கெட் நகலில்)

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர், கலைவிழா இசை நிகழ்ச்சிகளை நடத்திய நிறுவனம்

நாள்: 2.4.2025

பொருள்: 29.3.2025 சனிக்கிழமை நிகழ்ச்சியில் துடும்பாட்டப் பகுதியை முழுமையாக நடத்தாதது, பணத்தைத் திருப்பிக் கேட்பது

ஐயா / அம்மையீர்,

மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது என் தொழில். பத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஏழு ஷாஃப்ட் அனுப்பினால், சாயங்காலத்துக்குள் கம்பெனிக்காரர் போன் போட்டுப் பிடித்துவிடுவார். நானும் மறுபேச்சில்லாமல் மீதி மூன்றைக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கடிதம்.

பங்குனியில் நடக்கும் நம் ஊர்க் கலைவிழாவில் உங்கள் இசை நிகழ்ச்சிக்கு நான்கு டிக்கெட் எடுத்தேன். தலைக்கு 1,200 ரூபாய், ஆக 4,800. அதன்மேல் சேவைக் கட்டணம் 240, அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 43 ரூபாய் 20 காசு. டிக்கெட்டை என் போனில் நானேதான் எடுத்துக்கொண்டேன், இதில் சேவை எங்கே வந்தது என்று இன்னும் விளங்கவில்லை. சரி, அது போகட்டும்.

போஸ்டரில் மூன்று பகுதி போட்டிருந்தீர்கள். முதலில் வெளியூர் ஜாஸ் குழு, அடுத்து ஆனைகட்டிப் பக்கத்து இருளர் பழங்குடியினரின் இசை, கடைசியில் ஒரு மணி நேரம் துடும்பாட்டம், அதாவது துடும்பு என்கிற பெரிய தோல் முரசை அடித்து ஆடும் நம் பக்கத்து ஆட்டம். மூன்றில் பெரிய படம் துடும்பு அடிக்கிறவருடையது. 2024-இல் வள்ளி ஒயில் கும்மி என்ற நாட்டுப்புற ஆட்டத்துக்காக எம். பத்ரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்போதிலிருந்து மண்ணின் கலை என்று போடாத போஸ்டர் இந்தப் பக்கத்தில் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். அன்னூரில் இருக்கும் என் அப்பாவுக்கு வயது 76. வாலிபத்தில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டால், விடிய விடிய அதைச் சுற்றி ஆடியவர். இப்போது முட்டி வலி. துடும்பு என்று சொன்னதும், நான் பேசி முடிப்பதற்குள் வேட்டி மாற்றப் போய்விட்டார். அவரை சத்தி ரோட்டில் முப்பது கிலோமீட்டர் கூட்டி வந்தேன். அன்று அமாவாசை வேறு, ஒருபொழுது இருந்தார்.

ஆறு மணிக்கு வாசல் திறந்தது. சிறுவாணித் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோன பாட்டிலை செக்யூரிட்டி வாங்கி, என் கண் முன்னாலேயே செடிக்கு ஊற்றினார். செடியாவது பிழைக்கட்டும். ராத்திரிக்கு அப்பாவுக்கு இரண்டு இட்லி கிடைத்தால் போதும் என்றிருந்தோம். உங்கள் சாப்பாட்டுக் கடைகளில் பீட்சா இருந்தது, பிரெஞ்சு ஃப்ரைஸ் இருந்தது, இட்லி மட்டும் இல்லை. எண் போட்ட எங்கள் நாற்காலிகளில் இரண்டைத் தூக்கிவிட்டு விளம்பரதாரர்களுக்கு சோபா போட்டிருந்தார்கள். கேட்டதற்கு பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு கொண்டுவந்து ஓரமாகப் போட்டார்கள். இதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. விழா என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

என் கணக்கு நேரத்தைப் பற்றியது. ஆறரைக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி. ஏழு பத்து வரை மேடையில் ஜாஸ் குழுவுக்கு மைக் சோதித்தார்கள். பிறகு குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை. பதினொரு பேருக்குப் பொன்னாடை போட்டதை என் மகள் விரல் விட்டு எண்ணினாள். முதல் பாட்டு வந்தபோது மணி ஏழு ஐம்பது.

ஜாஸ் குழுவைக் குறை சொல்ல மாட்டேன். ஆளுயர வயலின் மாதிரி இருந்த டபுள் பேஸை மகள் வாய் பிளந்து பார்த்தாள். கத்ரி கோபால்நாத் கச்சேரியை ரேடியோவில் கேட்டவர் என்பதால் அப்பாவுக்கு சாக்ஸபோன் புதிதல்ல. ஆனால் இந்தக் கலைஞர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போய், சட்டென்று விட்டு, வெறும் காற்று மட்டும் கேட்கும்படி ஊதினார். "மூச்ச எங்க வெச்சிருக்கான் பாரு" என்றார் அப்பா. அடுத்து வந்த இருளர் குழுவின் கொகல் குழல் இன்னும் காதில் இருக்கிறது. அவர்களுக்கும் அரை மணிதான் கிடைத்தது. ஒன்பது நாற்பதுக்கு இறக்கிவிட்டார்கள்.

துடும்புக்காரர்கள் ஏழு மணியிலிருந்து மேடைக்குப் பின்னால் நின்றார்கள். எங்களை ஓரத்தில் தள்ளியதால் எல்லாம் தெரிந்தது. தப்பட்டைப் பறையின் தோல் இறுகும்படி காய்ச்சுவதற்கு இரும்புச் சட்டியில் கொஞ்சம் வைக்கோல் போட்டுத் தீ மூட்டினார்கள். உங்கள் ஆள் ஒருவர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அணைக்கச் சொன்னார். பாதுகாப்பு முக்கியம்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தோல் கருவிக்காரர்களை அழைக்கும்போதே அதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்க வேண்டாமா? தோல் தொய்ந்து கிடந்தால் தப்பட்டை 'டப்பு டப்பு' என்று அட்டைப்பெட்டி மாதிரிதான் பேசும். கடைசியில் ஒரு பையன் படிக்கட்டுப் பக்கம் இருந்த ஹாலஜன் விளக்குக்கு நேரே தப்பட்டையைப் பிடித்து, திருப்பித் திருப்பி, கட்டை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாசி மாதப் பனியில் ஈரத் துணியைக் காயவைக்கிற மாதிரி இருந்தது. அப்பா என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, இவங்க பூராப் பேசி முடிச்சாத்தான் அவங்கள உடுவாங்களா?"

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு விட்டார்கள். முதல் அடியிலேயே நாற்காலியின் கால் அதிர்ந்தது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மெதுவான நடை முடிந்து, சலங்கை கட்டியவர்கள் வட்டத்துக்குள் இறங்கி, அடி வேகம் மாறப்போகிற நேரம். ஒன்பது ஐம்பத்தைந்து. தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, நேரம் ஆகிவிட்டது, கலைஞர்களுக்கு ஒரு பலத்த கைதட்டல் கொடுங்கள் என்றார். அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கேட்கவே இல்லை. விளக்கை அணைத்த பிறகுதான் குச்சியை நிறுத்தினார்கள். "கம்பத்துக்குத் தீவாராதன காட்டற நேரங்கூட அடிக்கலியே" என்றார் அப்பா. கார் கணபதி வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசிய பெண் தன்மையாகத்தான் பேசினார். இரவு பத்து மணிக்கு மேல் அனுமதி இல்லை, அது சட்டம், எங்கள் கையில் இல்லை சார் என்றார். சட்டம் எனக்கும் தெரியும். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, இசைக் கருவியும் கூடாது. அது சனிக்கிழமை ராத்திரி ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் போட்ட சட்டம் இல்லையே. பத்து மணிக்கு முடிக்க வேண்டும் என்று டிக்கெட் விற்கும்போதே உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் பதினொரு பொன்னாடை போட்டீர்கள். வெட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்றதும் துடும்புக்காரர்கள் தலையில் கை வைத்தீர்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனை ரசத்தோடு எழுப்பி விட்ட கதைதான். அந்தப் பந்தியின் படத்தைத்தான் போஸ்டரில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் உங்கள் செயலியில் புகார் பதிந்தேன். நிகழ்ச்சி முடிவடைந்துவிட்டதால் பணம் திருப்பித் தர இயலாது என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. கூடவே ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பிடச் சொல்லி ஒரு கேள்வி.

நான் முழுப் பணமும் கேட்கவில்லை. இரண்டு பகுதி கேட்டேன், ரசித்தேன், அதற்கான காசு உங்களுடையது. நடக்காத மூன்றாவது பகுதிக்கு, அதாவது 4,800-இல் மூன்றில் ஒரு பங்கு, 1,600 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். ஏழு நிமிடத்துக்குக் கழித்துக்கொள்வேன் என்றால் கழித்துக்கொள்ளுங்கள், கணக்கை மட்டும் எழுத்தில் காட்டுங்கள். இன்னொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்: துடும்புக் குழுவுக்குப் பேசிய தொகையை முழுதாகக் கொடுத்தீர்களா, அல்லது ஏழு நிமிடத்துக்குத்தான் கொடுத்தீர்களா? எனக்கென்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் 1,200 ரூபாயில் அவர்கள் கூலியும் இருக்கிறது என்று நம்பித்தான் கொடுத்தேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பட்டறையில் ஒரு நாள் வேலை கெடும், பரவாயில்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்)

இணைப்பு: டிக்கெட் நகல் 4, பணம் செலுத்திய ரசீது, போஸ்டரின் படம், செயலியில் வந்த பதிலின் படம்.

பின்குறிப்பு: துடும்புக் குழுத் தலைவரிடம் என் கைபேசி எண்ணைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். வைகாசியில் எங்கள் ஊர் நோம்பி. கம்பம் நடுகிற ராத்திரிக்கு அவர்களை அழைக்கலாமா என்று அப்பா தினமும் கேட்கிறார். தீ மூட்ட இடம் இருக்கிறது.