சைக்கிள் பாட்டில் ஸ்டாண்ட் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட், விளக்கு, பூட்டு எல்லாம் இருந்தது, தண்ணீர் பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சின்ன சாமான்தானே என்று நானும் அலட்சியமாக இருந்தவன்தான். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் போகிறேன். போன சித்திரையில் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் 'டக்'கென்று சத்தம், குனிந்து பார்ப்பதற்குள் பாட்டில் நடுரோட்டில் உருள்கிறது, பின்னால் பஸ். டிரைவர் நிதானமாக வந்ததால் பாட்டில் மட்டும்தான் நசுங்கியது.

உடைந்தது வெல்டிங் வைத்த இடத்தில். சைக்கிளோடு இலவசமாகத் தந்த மெல்லிய அலுமினியக் கம்பி அது. 750 மில்லி பாட்டிலை நிரப்பினால் முக்கால் கிலோவுக்கு மேல், ஒவ்வொரு பள்ளத்திலும் அவ்வளவு கனமும் குதித்துக் குதித்துக் கம்பியை ஆட்டுகிறது. அலுமினியம் இப்படி ஆட ஆட உள்ளுக்குள் களைத்து, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, ஒருநாள் கைவிட்டுவிடும். போதாததற்கு பாட்டில் முழுக்கக் கறுப்புக் கறை வேறு.

இப்போது மாட்டியிருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிடி தளர்ந்தால் கையாலேயே அழுத்திச் சரிசெய்துகொள்ளலாம். சில கிராம் கூடுதல் எடைதான், சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அது ஒரு கணக்கா? தடிமனான நைலான் ஸ்டாண்டும் மோசமில்லை, கறை படியாது. கார்பன் எல்லாம் பந்தயக்காரர்கள் சமாசாரம்.

கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டிலையும் கொண்டுபோங்கள். ஸ்டாண்டுகள் பெரும்பாலும் சுமார் 74 மில்லிமீட்டர் விட்டமுள்ள சைக்கிள் பாட்டிலுக்கென்றே செய்தவை. ஒல்லியான ஸ்டீல் பாட்டிலை வைத்தால் வழியெல்லாம் கடகடவென்று ஆடும் (பழைய டியூபை வெட்டிச் சுற்றினால் கொஞ்சம் அடங்கும்). ஃபிரேமில் உள்ள இரண்டு துளைகளுக்கு இடைவெளி அநேகமாக எல்லா சைக்கிளிலும் 64 மில்லிமீட்டர்தான், அதனால் பெரும்பாலும் எந்தக் கம்பெனி ஸ்டாண்டும் பொருந்தும். பழைய கறுப்பு சைக்கிளில் துளையே இருக்காது, அதற்கு கிளாம்ப் வைத்தது வாங்க வேண்டும்.

அப்புறம் போல்ட். மாதம் ஒருமுறை 4 எம்.எம். எல்-கீ வைத்துத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்த ஸ்டாண்ட்தான் சீக்கிரம் உடைகிறது. அதற்காக முழு பலத்தையும் காட்டி இறுக்கினால் ஃபிரேமுக்குள் இருக்கிற மரை சுற்ற ஆரம்பித்துவிடும், பிறகு மெக்கானிக்குக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி.

அடுத்த இணைப்பில் இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். உடைந்த துண்டு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தாம்பரம் வாசகர் ஒருவர்