அந்த 26 எழுத்து அட்டவணை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு சிறுவர் இணைப்பில் 'உங்கள் பெயரை ஜப்பானிய மொழியில் எழுதுங்கள்' என்று ஓர் அட்டவணை வந்தது. ஏ-க்கு 'கா', பி-க்கு 'து', சி-க்கு 'மி' என்று இசட் வரை 26 கட்டங்கள். வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிவரும் பொய் அது. இனி அதைக் கேள்வி கேட்டால், தங்கள் பத்திரிகையிலேயே வந்ததே என்பார்கள் பிள்ளைகள். அதுதான் மனதை வருத்துகிறது.

அந்தக் கணக்குப்படி ரவி என்ற பையன் 'ஷிகாருகி' ஆகிவிடுகிறான். சரியாக எழுதினால் 'ர', 'பி' என்று இரண்டே எழுத்து. எஃப்-க்கு 'லு' என்று போட்டிருக்கிறது; ஜப்பானிய மொழியில் லகரமே கிடையாதே, ஐயா.

ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஜப்பானிய எழுத்து ஒன்று என்று ஈடு சொல்லவே முடியாது. கானா எனப்படும் ஜப்பானிய ஒலியெழுத்துகளில் ஹிரகானா, கத்தகானா என இரு வகை; இரண்டிலும் இன்று வழங்கும் அடிப்படை எழுத்துகள் தலா 46. ஐந்து உயிர், நாற்பது உயிர்மெய், 'ன்' என்ற ஒரே ஒரு மெய். அதனால்தான் ராம் அங்கே 'ராமு' ஆகிறார். அப்பு என்று எழுத 'அ', சிறிய 'ட்சு', 'பு' என மூன்று எழுத்து வேண்டும். சிறிய 'ட்சு' தனியாக ஒலிக்காது, அடுத்து வரும் மெய்யை இரட்டிக்கும். அதையே முழு அளவில் எழுதினால் 'அட்சுபு' என்று படிப்பார்கள். எழுத்துகளின் வரிசையோ அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத்தோடு போன வடமொழி எழுத்துக் கல்வியின் தடம் அது. தமிழ்ப் பிள்ளைக்கு வாய்ப்பாடு போல வரக்கூடிய இந்த வரிசையை விட்டுவிட்டு ஏ, பி, சி வழியாக ஏன் சுற்றி வர வேண்டும்?

அட்டவணையில் 'ஷி' இருக்க வேண்டிய கட்டத்தில் கத்தகானா 'ட்சு' அச்சாகியிருக்கிறது. 'ஷி'யில் இரண்டு சிறு கோடுகளும் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுத்திருக்கும். நீண்ட கோடு கீழிருந்து வலப்புறமாக மேலே ஏறும். 'ட்சு'வில் சிறு கோடுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்; நீண்ட கோடு வலது மேல் மூலையிலிருந்து இடப்புறம் கீழே இறங்கும். கோட்டை எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று சொல்லித்தராமல் படத்தை மட்டும் காட்டினால், பார்த்து எழுதும் எல்லாரும் இங்கேதான் தடுமாறுவார்கள்.

இது முதல் தடவை அல்ல. சென்ற ஆண்டு வந்த பயணக் கட்டுரை, ஜப்பானிய மொழியில் மொத்தம் 2136 எழுத்துகள் என்றது. 2010-இல் திருத்தப்பட்ட பொதுப் பயன்பாட்டுக் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து) பட்டியலின் எண்ணிக்கை அது. கானா அதில் சேராது, பட்டியலுக்கு வெளியே கான்ஜிகளும் உண்டு. அதே கட்டுரையின் தலைப்பில், கிடைமட்ட வரியை அப்படியே திருப்பிச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். எழுத்தெல்லாம் படுத்துக் கிடந்தது. செங்குத்தாக எழுதும்போதும் எழுத்துகள் நிமிர்ந்தேதான் நிற்கும். பத்திகள் வலமிருந்து இடம் போகும். கத்தகானாவில் நெடிலைக் காட்டும் படுக்கைக் கோடு மட்டும் நட்டுக்கோடாக மாறும். சீன எழுத்துருவைப் பயன்படுத்தியதால், எலும்பைக் குறிக்கும் கான்ஜியின் உள்ளே இருக்கும் சிறு மூலை பக்கம் மாறி விழுந்திருந்தது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் இரு மொழிக்கும் அந்த எழுத்துக்கு ஒரே எண்தான். எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். அன்றே எழுதினேன், பதில் வரவில்லை.

பல்லாண்டு வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்: வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில், 46 ஹிரகானா எழுத்துகளைத் தமிழ் ஒலிப்போடு வெளியிடுங்கள். நோட்டோ சான்ஸ் ஜேபி என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்த்துத் தர நான் தயார், ஊதியம் வேண்டாம்.

தங்கள்,
ஜப்பானிய மொழி பயிற்றுநர் ஒருவர்,
சென்னை