கடற்கரைக்கு வேண்டும் ஒரு தொடர் கருத்தரங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல் அரிப்பு பற்றி நம் ஊரில் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. குத்துவிளக்கு, பொன்னாடை, மதியச் சாப்பாடு, அப்புறம் ஒரு குரூப் போட்டோ. அதோடு சரி. அடுத்து கூடுகிறவர்கள் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கோட்ஸ், மேரி மோரிசாவா என்ற இரு பேராசிரியர்கள் 1970-இல் புவிப்புறவியல் (ஆறு, கடற்கரை, மலை போன்ற நில வடிவங்கள் உருவாகி மாறுவதை ஆராயும் துறை) கருத்தரங்கு ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஒரு தலைப்புதான். பேசியதெல்லாம் தொகுப்பாக அச்சேறும். மூன்றாவது கூட்டத்துக்கே தலைப்பு கடற்கரை. நான்காவதாக, 1973-இல், ஆறுகளை எடுத்துக்கொண்டபோது ஸ்டான்லி ஷும் என்ற புவிப்புறவியல் அறிஞர் ஒரு கட்டுரை தந்தார். மழையும் வெள்ளமும் வழக்கம்போலவே இருந்தாலும், வண்டல் சேர்ந்து சேர்ந்து பள்ளத்தாக்கின் சரிவு ஓர் எல்லையைத் தாண்டினால் ஆறு திடீரென்று தன் படுகையையே அறுக்கத் தொடங்கும் என்பது அவர் வாதம். 1978-இல் அந்த ‘எல்லை’தான் முழுக் கூட்டத்துக்கும் தலைப்பு! நம் ஊராக இருந்தால் அந்தக் கட்டுரை ஏதாவது பீரோவில் தூங்கியிருக்கும்.

சென்னைக்கு இது ஏன் வேண்டும்? இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்தின் கல்சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே எங்கள் இராயபுரம் தேய்ந்தது. இங்கே கல் கொட்டிக் கரையைக் காத்தால் அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. ஒரு துறை ஒரே நாளில் பேசித் தீர்க்கிற சங்கதியா இது?

ஐஐடியில் கடல் பொறியியல் துறை உண்டு. பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் உண்டு. 2017-இல் டெல்லியில் நடந்த உலகப் புவிப்புறவியல் மாநாடு போன்ற பெரிய திருவிழாவை நான் கேட்கவில்லை. ஓர் ஆண்டு மணல், அடுத்த ஆண்டு அடையாறு முகத்துவாரம், அப்புறம் கொசஸ்தலை ஆறு என்று ஒரே அரங்கில் வரிசையாக நடக்கட்டும். போன ஆண்டு விடை கிடைக்காத கேள்வியை முதலில் எடுக்கட்டும். காசிமேட்டு மீனவர்களைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்காமல் மேடையில் பேசவிடட்டும். தொகுப்பு தமிழிலும் வரட்டும்.

முதல் கூட்டத்தை டிசம்பரில் வைக்கலாம். வடகிழக்குப் பருவக்காற்றில் மணல் தெற்கே திரும்பும் காலம் அது. வந்தவர்களை ஒரு நாளாவது திருவொற்றியூர் வரை நடக்க வைத்தால் அரிப்பை நேரிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
இராயபுரம், சென்னை