வீடு எவ்வளவு பழசு என்பதையும் சொல்லுங்கள்: நியூஜெர்சித் தமிழ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்சி சிட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம்.

1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஈயப் பெயின்ட் இருக்கக்கூடும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கும்போது, வீட்டில் உள்ள ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததைச் சொல்லும் படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சோதித்துப் பார்க்கப் பத்து நாள் அவகாசமும் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும். வாடகைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பத்து நாளும் கிடையாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

எங்களுக்கு அந்தப் படிவத்தை நீட்டியது சாவி வாங்கிய அன்று. ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. ‘உரிமையாளருக்கு எதுவும் தெரியாது’ என்ற இடத்தில் டிக். அது பொய்யில்லை. சோதித்தால்தானே தெரியும், தெரிந்தால்தானே சொல்ல வேண்டும்!

படுக்கையறையில் மேலே தூக்கித் திறக்கும் பழைய மர ஜன்னல். ஏற்றி இறக்கும்போதெல்லாம் பெயின்ட் உரசி, அடிக்கட்டையில் மாவு சலித்த மாதிரி வெள்ளையாகப் படியும். குப்பை லாரி பார்க்க என் மகள் நிற்பது அங்கேதான். அவள் கை வாய்க்குப் போகாத நேரம் ஏது? இரண்டு வயது ரத்தப் பரிசோதனையில் ஈயம், டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. வீடு எவ்வளவு பழசு, ஜன்னல் எப்படி என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வியே. வீட்டுக்காரரிடம் சொன்னோம். “புதுசா பெயின்ட் அடிச்சுத்தானே குடுத்தேன்?” என்றார். உரசுகிற இடத்தில் மேல்பூச்சு எத்தனை நாள் நிற்கும்? இப்போது கோடையிலும் அந்த ஜன்னலைத் திறப்பதில்லை. ஈரத்தாளால் துடைத்துத் துடைத்து எறிகிறோம்.

தயவுசெய்து, கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள்.

உங்கள் வாட்ஸ்அப் விளம்பரங்களைப் பார்க்கிறேன். நியூயார்க் போகும் பாத் (PATH) ரயில் நடக்கும் தூரம், பக்கத்திலேயே இந்திய மளிகைக் கடை, சைவக் குடும்பத்துக்கு முன்னுரிமை. எங்கள் அடுப்பில் கருவாடு ஏறுமா என்று அக்கறையாக விசாரிப்பவர்களுக்கு, உங்கள் சுவரில் ஈயம் இருக்கிறதா என்று ஒரு வரி எழுத மட்டும் இடம் இருப்பதில்லை. பொங்கல் விழா மேடையில் அடுத்த தலைமுறையைப் பற்றிக் கண்கலங்கப் பேசுவதும் பெரும்பாலும் நீங்கள்தான்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்தது வேறு.

2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியூஜெர்சிச் சட்டப்படி, 1978-க்கு முந்தைய வாடகை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈயப் பெயின்ட் பரிசோதனை கட்டாயம். ‘தெரியாது’ என்று டிக் அடித்துவிட்டு நகர இனி வழியில்லை. ஆகவே, பரிசோதனையை முடித்து, அறிக்கையையும், ஈய ஆபத்து இல்லை என்ற சான்றிதழையும் ஒப்பந்தத்துக்கு முன்பே காட்டுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். ஜன்னலைச் சுரண்டிப் பூசுவதென்றால், இதற்கென்று பயிற்சியும் சான்றும் பெற்ற ஆட்களை வைத்துச் செய்யுங்கள். உலர்ந்தபடியே சுரண்டினால் தூசி வீடு முழுக்கப் பரவும்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் அறிக்கையின் நகலை அனுப்பிவையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில்.

இப்படிக்கு,
உங்கள் வாடகைதாரர்களில் ஒருவர்